மண்ணுக்கு மூடி போடாதீங்க

அடுத்த தடவை ஈசிஆர்ல மாமல்லபுரம் போற பஸ்ல ஏறினா, ஜன்னல் ஓரமா உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எண்ணிக்கிட்டே வாங்க. எத்தனை காம்பவுண்டுக்குள்ள மண் தெரியுது? கேட் திறந்திருக்கிற வீடுகள்ல சாம்பல், சிவப்பு, மஞ்சள் பேவர் பிளாக் தெரியும். ரிசார்ட் வாசல்ல பளபளன்னு கிரானைட். கல்யாண மண்டபம்னா பார்க்கிங் முழுக்க சிமெண்ட் தளம். முட்டுக்காடு தாண்டி, கோவளம் தாண்டி, நெம்மேலி வரைக்கும் இதே கதைதான். கடற்கரை மணல் மேட்டுல வீடு கட்டிட்டு, அந்த மணல் கண்ணுல படாத மாதிரி மூடி வைக்கிறதைத்தான் நாம 'லேண்ட்ஸ்கேப்பிங்'னு சொல்றோம்.

இந்த வருஷம் நம்ம காலேஜ்ல இருந்து வெளியே போற சிவில் பசங்கள்ல பாதிப் பேர் இப்படி ஏதாவது ஒரு சைட்லதான் வேலைக்குச் சேரப் போறோம். சிவில் இல்லாதவங்களும் என்னைக்காவது ஒரு நாள் சொந்த வீட்டு வாசலுக்கு என்ன போடலாம்னு கடைக்காரர்கிட்ட கேட்டலாக் புரட்டத்தான் போறீங்க. அதனால இது எல்லாருக்குமான கட்டுரை.

நான் சொல்ல வர்றது இதுதான். கட்டடத்துக்கு உள்ளே என்ன பொருள் போடறோம்னு நாம ரொம்ப யோசிக்கிறோம். வெளியே போடற பொருளை நிறத்தையும் டிசைனையும் பார்த்து வாங்கிடறோம். ஆனா இந்தக் கடற்கரையில வெளியே போடற பொருள்தான் நம்ம கிணத்துத் தண்ணி நல்லாருக்குமா உப்பாகுமான்னு தீர்மானிக்குது. அதனால ஒரு பொருளை வாங்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: மழைத்தண்ணி எங்க போகும்? உப்பு இதை என்ன பண்ணும்? இது எங்கிருந்து, யார் உழைப்புல வருது?

முதல் கேள்விதான் பெரிய கேள்வி. அதுக்கு மணலைப் பத்திக் கொஞ்சம் பேசணும்.

திருவான்மியூர்ல ஆரம்பிச்சு தெற்கே கடலோரமா இருக்கிற மணல் பட்டை, ஒரு பெரிய தண்ணித் தொட்டி. மழை பெய்யும்போது மணல் குடிச்சு வச்சுக்கும். அந்த நல்ல தண்ணி, அடியில இருக்கிற கடல் தண்ணி மேல மிதந்துகிட்டு இருக்கும். நல்ல தண்ணியோட அடர்த்தி 1.000, கடல் தண்ணியோடது கிட்டத்தட்ட 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்தை வச்சு, நெதர்லாந்து ராணுவ என்ஜினியர் கைபனும் ஜெர்மன் என்ஜினியர் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியா ஒரே கணக்குக்கு வந்தாங்க. நிலத்தடி நீர் கடல் மட்டத்தை விட 1 மீட்டர் உயரமா நின்னா, கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரைக்கும் நல்ல தண்ணி நிக்கும். ஹைட்ராலஜி பேப்பர்ல ரெண்டு மார்க்குக்குப் படிச்சிருப்பீங்க.

இப்ப அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. போர் போட்டு உறிஞ்சி, மேல மழையும் இறங்க விடாம, நீர்மட்டம் 1 மீட்டர் குறைஞ்சா, கீழே இருந்து உப்புத்தண்ணி 40 மீட்டர் மேலே வரலாம். இது புத்தகக் கணக்குதான். நிஜ மண்ணுல களிமண் அடுக்கு, பாறை எல்லாம் குறுக்கே வரும், அதனால அப்படியே நடக்காது. ஆனா எந்தப் பக்கம் நகருதுங்கறதுல சந்தேகமே இல்லை. தென் சென்னைக் கடலோரத்துல எத்தனையோ வீட்டுல போர் தண்ணி உப்பு கரிக்குது. உங்க சொந்தக்காரங்க யாராவது அந்தப் பக்கம் இருந்தா கேட்டுப் பாருங்க.

மழைத்தண்ணியைத் தடுக்கறதுல நம்ம வாசலுக்கு எவ்வளவு பங்குன்னு ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2400 சதுர அடி. பாதியில வீடு, பாதி வெளிப்பக்கம்னு வச்சுக்கலாம். வெளிப்பக்கம் 1200 சதுர அடி, கிட்டத்தட்ட 111 சதுர மீட்டர். 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பெய்ஞ்சா 1 லிட்டர். வடகிழக்குப் பருவமழையில ஒரே நாள்ல 100 மில்லிமீட்டர் பெய்யறது நமக்கு ஒண்ணும் அதிசயமில்லை. அப்படிப் பெய்ஞ்சா அந்த வெளிப்பக்கத்துல மட்டும் 11,000 லிட்டருக்கு மேல விழுது. கோடையில நாம காசு கொடுத்து வாங்கற பெரிய டேங்கர் லாரி 12,000 லிட்டர். ஒரு நாள் மழையில வானம் உங்க வாசலுக்கு ஒரு லாரித் தண்ணி கொண்டு வந்து இறக்குது.

அந்த லாரி எங்க போகுதுங்கறதை நீங்க போடற தரைதான் முடிவு பண்ணும். ரேஷனல் மெத்தட்ல வர்ற ரன்ஆஃப் கோஎஃபிஷியண்ட் ஞாபகம் இருக்கா? மணல் நிலத்துல சமதளமான புல்தரைக்கு 0.05-ல இருந்து 0.10. கான்கிரீட் தளத்துக்கு 0.80-ல இருந்து 0.95. அதாவது மணல்ல விழற 100 லிட்டர்ல 90-க்கும் மேல உள்ளே இறங்கும். கான்கிரீட்ல விழற 100 லிட்டர்ல 80-க்கும் மேல தெருவுக்கு ஓடும். தெருவுல இருந்து வடிகாலுக்கு, வடிகால்ல இருந்து பக்கிங்காம் கால்வாய்க்கோ கடலுக்கோ போயிடும்.

2003-ல இருந்து தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மொட்டை மாடித் தண்ணியைக் குழாய் வழியா குழிக்குள்ள விடறோம். ரொம்ப நல்லது. ஆனா அதே வீட்டுல வாசலை முழுக்க மூடிட்டா, ஒரு கையில பிடிச்சு இன்னொரு கையில கொட்டற கதைதான்.

"சரி, பேவர் பிளாக் நடுவுல இடைவெளி இருக்கே, தண்ணி இறங்காதா?"ன்னு நீங்க கேட்கலாம். கேட்கணும். பேவர் பிளாக்கை வில்லனாக்க எனக்கு ஆசை இல்லை. ஒழுங்காப் போட்டா அது நல்ல பொருள். உள்ளே கம்பி இல்லாததால துருப்பிடிக்கிற வேலை இல்லை. ஒரு கல் உடைஞ்சா அதை மட்டும் பெயர்த்துட்டு வேற வைக்கலாம். அடியில குழாய் ரிப்பேர்னா கழட்டிட்டுத் திரும்ப அடுக்கலாம். கெட்டியா அமுக்கின ஜல்லி அடுக்கு, அது மேல மெல்லிசா மணல் படுக்கை, அதுக்கு மேல பிளாக், இடுக்குல மணல். இப்படிப் போட்டா ஓரளவு தண்ணி உள்ளே போகும். நடுவுல ஓட்டை விட்டு, அதுல புல் வளர்ற மாதிரியான கிராஸ் பேவர் போட்டா இன்னும் நல்லா போகும்.

ஆனா சைட்ல நடக்கிறது வேற. அடியில பிசிசி, அதாவது சாதா கான்கிரீட் தளம். அது மேல சிமெண்ட் கலவை, அதுல பிளாக்கைப் பதிச்சு, இடுக்குலயும் சிமெண்ட் பால் ஊத்தி அடைச்சிடறாங்க. கோவளம் பக்கம் ஒரு வீட்டு வேலையில இதைப் பார்த்துட்டு, அங்க இருந்த மேஸ்திரிகிட்ட கேட்டேன்: "அண்ணே, அடியில மணல் போதாதா? எதுக்கு பிசிசி?" அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "போதும் தம்பி. ஓனர் புல்லு முளைக்கக் கூடாதுன்னாரு. அதுக்குத்தான் இது." அந்த ஒரு பதில்ல எல்லாமே இருக்கு. புல்லு முளைக்க விடாத தரையில தண்ணியும் இறங்காது.

இதுல வேடிக்கை என்னன்னா, தரமும் தெரியும், விதியும் இருக்கு. பேவர் பிளாக்குக்கான ஐஎஸ் 15658-ஓட 2006 பதிப்பை எடுத்துப் பாருங்க. வண்டி போகாத இடத்துக்கு எம்30, 50 மி.மீ. கனம் போதும். கார் மாதிரி லேசான போக்குவரத்துக்கு எம்35, 60 மி.மீ. அதுக்கு மேல கனரக வண்டிக்குத்தான் 80, 100, 120 எல்லாம். ஒரு வீட்டு நடைபாதைக்கு லாரி போற அளவுக்குத் தரை போட வேண்டிய அவசியமே இல்லை. எதுக்கு எவ்வளவு வேணும்னு கணக்குப் போடற வேலைக்குத்தானே நாலு வருஷம் படிக்கிறோம்?

இந்தத் தண்ணிக் கதையோட அடுத்த பாகம் நெம்மேலியில இருக்கு. மாமல்லபுரம் போற வழியில, கடலோரமா, குடிநீர் வாரியத்தோட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். 2013-ல நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோட ஆரம்பிச்சது. 2024-ல பக்கத்துலயே 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொண்ணு திறந்தாங்க. இந்த நிலையங்கள் வேணாம்னு நான் சொல்லல. 2019 ஜூன்ல ஏரியெல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்த கோடையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஆனா நாம செய்யறதை வரிசையா வச்சுப் பாருங்க. வானம் சும்மா கொடுக்கிற நல்ல தண்ணியை மண்ணுல இறங்க விடாம கடலுக்கு அனுப்பறோம். அப்புறம் அதே கடல்ல இருந்து தண்ணியை எடுத்து, மின்சாரம் செலவு பண்ணி, மெம்பரேன் வழியா அழுத்தி, உப்பைப் பிரிச்சுக் குழாய்ல திரும்பக் கொண்டு வர்றோம்.

இதை ஈசிஆர்ல குடியிருக்கிறவங்க சிலர் ஏற்கெனவே கேட்டிருக்காங்க. கோவளம் வடிநிலப் பகுதிக்காக, ஜெர்மனியோட கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடன்ல மழைநீர் வடிகால் கட்ட மாநகராட்சி திட்டம் போட்டப்ப, "இது மணல் பூமி, மழை தானா இறங்கும், இங்க எதுக்கு வடிகால்?"னு எதிர்ப்பு கிளம்பி, விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. அவங்க கேட்டது நியாயமான கேள்வி. ஆனா அந்தக் கேள்விக்கு வலு இருக்கணும்னா, நம்ம காம்பவுண்டுக்குள்ள மணல் திறந்திருக்கணும் இல்லையா? உள்ளே முழுக்க சிமெண்டால மூடிட்டு, தெருவுல மட்டும் மண்ணு குடிக்கட்டும்னு எதிர்பார்த்தா அது எப்படி நடக்கும்?

ரெண்டாவது கேள்விக்கு வருவோம். உப்பு இதை என்ன பண்ணும்?

கடற்காத்துல உப்பு இருக்கு. அது கான்கிரீட்டோட நுண்ணிய துளைகள் வழியா உள்ளே போய்க் கம்பியைத் தொடுது. கம்பி துருப்பிடிச்சா, துரு இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைச்சுக்கும். உள்ளே இருந்து தள்ளும், கான்கிரீட் வெடிக்கும், அப்புறம் பெயர்ந்து விழும். பத்தே வருஷத்துல பால்கனி அடியில கம்பி பல்லிளிக்கிற வீடுகளைக் கடலோரத்துல பார்த்திருப்பீங்க. இதுக்காகத்தான் ஐஎஸ் 456:2000-ல கடற்கரைச் சூழலைத் தனியா வச்சிருக்காங்க. கடலோரக் காத்துல இருக்கிற கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்30, கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவர். கடல் தண்ணி தெறிக்கிற இடத்துல எம்35, 50 மி.மீ. வீட்டுக்குள்ள இருக்கிற பீம், காலத்துக்கு இதை ஒழுங்காப் பார்க்கிறவங்க கூட, காம்பவுண்டுச் சுவர், கார்டன் பெஞ்ச், பெர்கோலான்னு வரும்போது 'இது சும்மா வெளி வேலைதானே'ன்னு 20 மி.மீ. கவரோட முடிச்சிடறாங்க. உப்புக் காத்து நேரா அடிக்கிறதே இந்த வெளி வேலை மேலதான்.

கைப்பிடிக் கம்பியும் அப்படித்தான். கடையில 'எஸ்எஸ்'னு சொன்னா பெரும்பாலும் 304 கிரேடுதான் கொடுப்பாங்க. கடலோரத்துல அதுல கொஞ்ச மாசத்துலயே டீக்கறை மாதிரி பழுப்புப் புள்ளி வரும். 316-ல மாலிப்டினம் கலந்திருக்கறதால உப்பை இன்னும் நல்லாத் தாங்கும். விலை அதிகம்தான். அதுக்காக எல்லாரும் 316 வாங்குங்கன்னு சொல்லல. கடல் பக்கமா வீடு கட்டறவர்கிட்ட இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியது நம்ம வேலை. கட்டி முடிச்ச பிறகு அவரே துருவைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிறதுக்கு எதுக்கு ஒரு என்ஜினியர்?

உப்பைப் பத்தி மாமல்லபுரத்தை விட நல்ல பாடப்புத்தகம் இல்லை. கடற்கரைக் கோயில், ராஜசிம்ம பல்லவன் காலத்துல, 8-ம் நூற்றாண்டோட ஆரம்பத்துல, கல்லை அடுக்கிக் கட்டினது. பக்கத்துல போய்ச் சுவரைப் பாருங்க. கடல் பார்த்த பக்கம் சிற்பங்களோட முகமே கரைஞ்சு போயிருக்கு. அவ்வளவு கெட்டியான கல்லையே உப்பும் மணல் காத்தும் 1300 வருஷத்துல அரிச்சிருக்கு. தொல்லியல் துறை அலையைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டி, காத்தைத் தடுக்க சவுக்கு மரம் வச்சு, கல்லுக்குள்ள ஏறின உப்பைக் காகிதக் கூழ் பத்துப் போட்டு உறிஞ்சி எடுத்துன்னு எவ்வளவோ பாடுபடுது. கல்லுக்கே இந்தப் பாடுன்னா, மூணு வருஷ வாரண்டியோட வர்ற பெயிண்ட் அடிச்ச இரும்பு பெஞ்சைப் பத்தி என்ன சொல்ல?

இன்னொரு பல்லவக் கணக்கும் சொல்றேன். விழுப்புரம் மாவட்டத்துல மண்டகப்பட்டுன்னு ஒரு ஊர். அங்க முதலாம் மகேந்திரவர்மன் குடைஞ்ச குகைக்கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்கு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்புச் சாந்து எதுவும் இல்லாம இந்தக் கோயிலைப் பண்ணினதா ராஜா அதுல சொல்லிக்கிறார். எனக்கு அதைப் படிச்சப்ப ஒரு மெட்டீரியல் ஸ்பெசிஃபிகேஷன் மாதிரியே இருந்தது. என்னென்ன பொருள் தேவைப்படலன்னு பட்டியல் போட்டுப் பெருமைப்பட்ட ராஜா. இன்னைக்கு நாம பில்லைப் பார்த்து, என்னென்ன போட்டோம்னு பெருமைப்படறோம்.

அப்ப எல்லாரும் கல்லுக்கு மாறிடலாமா? இங்கதான் மூணாவது கேள்வி வருது: எங்கிருந்து, யார் உழைப்புல?

நம்ம மாவட்டமே கல்லு மேலதான் உட்கார்ந்திருக்கு. பல்லாவரம், பரங்கிமலை பக்கத்துப் பாறைக்கு 'சார்னகைட்'னு உலகம் முழுக்கப் பேரு. கொல்கத்தாவுல இருக்கிற ஜாப் சார்னாக்கோட கல்லறைக்கல் இந்தப் பக்கத்துப் பாறை. அதனாலதான் 1893-ல ஹாலண்ட்ங்கற புவியியலாளர் அந்தப் பாறைக்கு அவர் பேரையே வச்சார். எந்த நாட்டு ஜியாலஜி புத்தகத்தைத் திறந்தாலும் இந்தப் பேரு இருக்கும். ஆனா திரிசூலம், பல்லாவரம் பக்கம் ரயில்ல போகும்போது நாம பார்க்கிறது பாதி வெட்டின மலையையும், குவாரிப் பள்ளத்துல தேங்கின பச்சைத் தண்ணியையும்தான். சென்னையைக் கட்டின ஜல்லி அங்கிருந்து வந்தது. இப்ப ஆத்து மணலுக்குப் பதிலா போடற எம்-சாண்டும் மலையை உடைச்சு அரைக்கிறதுதான். கல்லு இயற்கைப் பொருள்னு சொல்லிட்டா மட்டும் அது சுத்தமாயிடாது. மலை திரும்ப வளராது.

அப்புறம் அதைச் செதுக்கறவங்க. மாமல்லபுரத்துல 1957-ல தொடங்கின சிற்பக் கல்லூரி இருக்கு. அங்கத்தைய கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. ஊருக்குள்ள போனா உளிச் சத்தத்தோட கிரைண்டர் சத்தமும் சேர்ந்து கேட்கும். உளியில வர்ற தூசியை விட மெஷின்ல வர்ற தூசி ரொம்ப நுண்ணியது. அதுல இருக்கிற சிலிக்கா நுரையீரல்ல போய்த் தங்கினா சிலிகோசிஸ். அந்த நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. தண்ணி ஊத்திக்கிட்டே அறுத்தா தூசி பாதிக்கு மேல அடங்கும். நல்ல மாஸ்க் போட்டா இன்னும் காப்பாத்தும். நம்ம ரிசார்ட் வாசலுக்கு ஒரு யாளியோ கல் விளக்கோ ஆர்டர் பண்ற கம்பெனி, அதை எப்படி அறுக்கறாங்கன்னு ஒரு வரி ஒப்பந்தத்துல சேர்க்கலாம். ஆர்டர் கொடுக்கிறவர் கேட்டாத்தான் பட்டறையில அது நடக்கும்.

அதனால கல்லைப் பத்தி என் கருத்து: கம்மியா போடுங்க, நீடிக்கிற மாதிரி போடுங்க, கையால செய்யறவங்களுக்குக் கொடுங்க. வாசப்படிக்கு ஒரு நல்ல கருங்கல் போதும். அது உங்க பேரப்பிள்ளை வரைக்கும் வரும். கார் நிறுத்தற இடம் முழுக்கப் பாலிஷ் கிரானைட் போட்டா, மழையில வழுக்கும், வெயில்ல கால் வைக்க முடியாது, தண்ணியும் இறங்காது.

இதையெல்லாம் படிச்சுட்டு உங்க மனசுல என்ன ஓடும்னு எனக்குத் தெரியும். நான் பேசிப் பார்த்தவங்க எல்லாருமே மூணு விஷயம் சொன்னாங்க.

ஒண்ணு, "மண்ணா விட்டா பாம்பு வரும், சேறாகும்." சேறாகறது களிமண்ணுல. கடலோர மணல்ல தண்ணி நிக்கவே நிக்காது, அதனால சேறும் ஆகாது. பாம்புக்கு வேண்டியது புதரும், குப்பையும், எலியும். சுத்தமா வச்சிருக்கிற திறந்த மணல் முற்றத்துல அதுக்கு வேலை இல்லை.

ரெண்டு, "வீட்டுல வயசானவங்க இருக்காங்க, வீல்சேர் போகணும்." இது ரொம்பச் சரியான கவலை, இதை ஒதுக்கவே கூடாது. கேட்ல இருந்து வாசப்படி வரைக்கும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வழுக்காத, சமமான பாதை போடுங்க. கார் டயர் ஓடற ரெண்டு பட்டை போடுங்க. காலும் சக்கரமும் போற இடத்துல மட்டும் தரை போட்டாலே 1200 சதுர அடியில முக்கால்வாசி மண்ணாவே நிக்கும். வயசானவங்களுக்கும் நல்லது, கிணத்துக்கும் நல்லது.

மூணு, "செலவாகுமே." உண்மையில குறையும். பிசிசி வேணாம், இடுக்கு அடைக்கிற சிமெண்ட் வேணாம், முக்கால்வாசி பிளாக்கே வேணாம். மீதியில என்ன பண்றதுன்னா, செடி வைங்க. கொரியன் புல்லுக்குத் தினமும் தண்ணி ஊத்தணும், வெட்டணும், உரம் போடணும். கடற்கரையில தானா வளர்ற அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் உப்பைத் தாங்கும், மணலைப் பிடிச்சு வைக்கும், யார்கிட்டயும் தண்ணி கேட்காது. நிழலுக்குப் பூவரசும் புன்னையும் இருக்கு. நர்சரியில கேட்டா 'அது காட்டுச்செடி சார்'னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

இப்படி ஒரு இடம் எப்படி இருக்கும்னு நேர்ல பார்க்கணும்னா முட்டுக்காட்டுல இருக்கிற தட்சிணசித்ராவுக்குப் போங்க. லாரி பேக்கர் வடிவமைப்புல 1996-ல திறந்தது. தென்னிந்தியாவுல இடிக்க இருந்த பழைய வீடுகளைப் பிரிச்சுக் கொண்டு வந்து அங்க திரும்பக் கட்டியிருக்காங்க. திண்ணையில உட்காருங்க, முற்றத்துல நில்லுங்க. எந்தத் தரைக்கு எந்தப் பொருள், எது மூடினது, எது திறந்ததுன்னு நம்ம ஊர் கொத்தனார்கள் எவ்வளவு யோசிச்சிருக்காங்கன்னு தெரியும். நாலு வருஷம் பக்கத்துலயே படிச்சுட்டு அங்க போகாதவங்க நம்ம பேட்ச்ல நிறையப் பேர் இருக்காங்க. டிக்கெட் வாங்கிட்டுப் போய் ஒரு நாள் தரையை மட்டும் பாருங்க.

கடைசியா, நம்ம கையில என்ன இருக்கு? ஃப்ரெஷரா சேர்ந்த உடனே முழுக் கட்டடத்தை டிசைன் பண்ண யாரும் நம்மகிட்ட கொடுக்க மாட்டாங்க. ஆனா சைட் பிளான்ல வெளிப்பக்கத்துக்குக் கோடு போடற வேலை, பேவர் எத்தனை சதுர அடின்னு குவான்டிட்டி எடுக்கிற வேலை, கடைக்காரர்கிட்ட ரேட் கேட்கிற வேலை, இதெல்லாம் நம்ம தலையிலதான் வந்து விழும். சீனியர் எல்லாரும் 'சின்ன வேலை'ன்னு தள்ளிவிடறது. அங்கதான் நமக்கு இடம் இருக்கு. டிராயிங்ல 'பேவ்டு ஏரியா'ன்னு எழுதற இடத்துல, 'மணல் படுக்கை, இடுக்கில் சிமெண்ட் கூடாது'ன்னு ஒரு குறிப்பு சேர்க்க யார் அனுமதியும் தேவையில்லை. குவான்டிட்டி எடுக்கும்போது பிசிசி இல்லாத ரேட்டையும் பக்கத்துல ஒரு காலம் போட்டு ஓனருக்குக் காட்டுங்க. விலை குறையுதுன்னு தெரிஞ்சா பாதிப் பேர் அதையே போடச் சொல்லிடுவாங்க. மீதிப் பாதிக்கு அந்த டேங்கர் லாரிக் கணக்கைச் சொல்லுங்க.

இந்த நவம்பர்ல முதல் பெரிய மழை பெய்யும்போது குடை எடுத்துட்டு உங்க வாசல்ல ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க. தெருவுக்கு ஓடுதுன்னா, மழை விட்டதும் ஓரமா இருக்கிற ரெண்டு வரிசை பிளாக்கைப் பெயர்த்து எடுத்துடுங்க. மேஸ்திரி கூட வேணாம், ஒரு கடப்பாரை போதும்.